திருட்டைக் காட்டாத திருட்டுப் படம்: 'டு கேட்ச் எ தீஃப்' ஏன் இன்னும் பிடிக்கிறது?

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் எடுத்து 1955-ல் வெளியான 'டு கேட்ச் எ தீஃப்' படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "நகைத் திருடர்களைப் பற்றிய அருமையான காதல் த்ரில்லர் என்றார்கள். ஆனால் ஒரு திருட்டு எப்படி நடக்கிறது என்றுகூடக் காட்டவில்லை. திருடன் யார் என்பதையும் பாதிப் படத்திலேயே ஊகித்துவிட்டேன். அப்புறம் எதற்காக இத்தனை பேர் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்?"

அவர் சொன்ன இரண்டுமே உண்மை. திருட்டின் தொழில்நுட்பம் இந்தப் படத்தில் கிடையாது. மர்மமும் அவ்வளவு கெட்டியானதல்ல. ஆனால் படத்தின் இழுபறி நகைப்பெட்டியைச் சுற்றி நடப்பதே இல்லை. தான் திருடன் இல்லை என்று நிரூபிக்க ஒருவன் படாதபாடு படுகிறான். அவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒருத்தி ஆசைப்படுகிறாள். அவனுக்கு எது ஆபத்தோ அதுதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. இந்த முரணைக் கவனித்துப் பார்த்தால் படம் வேறு மாதிரித் தெரியும். (திருடன் யார் என்பது உட்பட முழுக்கதையும் கீழே வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

கதை சுருக்கமானது. ஜான் ரோபி ஒரு அமெரிக்கன், ஒரு காலத்தில் சர்க்கஸில் வித்தை காட்டியவன். பிறகு பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் பணக்காரர்கள் தங்கும் மாளிகைகளின் கூரைகளில் ஓசையில்லாமல் ஏறி நகை திருடியதால் 'பூனை' என்று பெயர் வாங்கியவன். சிறைக்குப் போனான். போரின்போது சிறை குண்டுவீச்சுக்கு ஆளானதும் தப்பித்து, ஜெர்மானியருக்கு எதிராகப் போராடிய தலைமறைவுப் படையில் சேர்ந்தான். அந்தச் சேவைக்காகக் கிடைத்த நிபந்தனை விடுதலையில், இப்போது மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். திடீரென்று அவனுடைய பழைய பாணியிலேயே யாரோ திருடத் தொடங்குகிறார்கள். போலீஸ் நேராக அவன் வீட்டுக்கு வருகிறது. அடுத்து யாருடைய நகை போகும் என்பதைத் தன்னைவிட நன்றாக ஊகிக்கக்கூடியவர்கள் யாருமில்லை என்பதால், திருடனை அவனே பிடிக்கக் கிளம்புகிறான்.

அவன் ஏன் பழைய திருடன், நடப்புத் திருடன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாகரிகமான நகைத் திருடன் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கதைகளில் வந்துவிட்டவன். இங்கிலாந்தில் ராஃபிள்ஸின் கதைகள் 1899-ல் புத்தகமாக வந்தன. பிரான்சில் ஆர்சேன் லூப்பான் 1905-ல் அறிமுகமானான். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932-ல் எடுத்த 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தில் வெனிஸ் ஹோட்டல் அறை ஒன்றில் இரண்டு திருடர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் பொருளை மற்றவர் அபகரிக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த அந்த நொடியில்தான் அவர்களுக்குள் காதல் பற்றிக்கொள்கிறது. திருட்டையும் காதலையும் ஒரே செயலாக்கிக் காட்டியதில் அந்தக் காட்சியை மிஞ்சியது எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் 1934-லிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. குற்றம் செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது, அவனை ரசிகர்கள் விரும்பும்படி காட்டக்கூடாது. லூபிட்ச் காட்டியதுபோல, திருடிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகும் ஜோடியை ஹிட்ச்காக்கால் காட்டியிருக்க முடியாது. அதனால் ரோபி திருந்தி 15 வருடம் ஆனவனாக வருகிறான்.

கைகளைக் கட்டிப்போட்ட இந்த விதிதான் படத்துக்குப் பெரிய கொடையாக அமைந்தது என்பேன். நாயகன் திருட முடியாது. ஆகவே திருட்டின் கவர்ச்சி முழுவதும் அவனைப் பார்ப்பவர்களின் மனதுக்கு இடம் மாறிவிட்டது.

அந்த மனம்தான் ஃபிரான்சி ஸ்டீவன்ஸ். எண்ணெய்க் கிணற்றுப் பணத்தில் ஊர் சுற்றும் அமெரிக்கத் தாயும் மகளும் கான் நகரத்தின் கார்ல்டன் ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில், திருடன் கை வைக்கக்கூடிய நகைகள் வைத்திருப்பவர்களில் அம்மாவும் ஒருத்தி. அமெரிக்காவில் மர வியாபாரம் செய்பவன் என்று பொய்ப் பெயரில் ரோபி அவர்களிடம் பழகுகிறான். மகளாக வரும் கிரேஸ் கெல்லியை முதல் சில காட்சிகளில் கவனியுங்கள். வெளிர்நீல உடை, அதிகம் பேச்சில்லை, பெரும்பாலும் பக்கவாட்டு முகம். வேண்டுமென்றேதான் அவரை அப்படிக் குளிர்ச்சியாக, எட்டாத தூரத்தில் இருப்பவராகப் படமெடுத்ததாக ஹிட்ச்காக் பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவிடம் சொன்னார். இரவு உணவு முடிந்து, அவளை அறை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறான் ரோபி. அவள் கதவைத் திறக்கிறாள், திரும்புகிறாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவன் உதட்டில் முத்தமிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ரோபியாக நடிக்கும் கேரி கிரான்ட்டின் முகத்தில் அப்போது வரும் குழப்பமும் சிரிப்பும் கலந்த பாவனை, வசனம் எழுதி வாங்கக்கூடியதல்ல. கூரையேறித் திருடும் ஆள் இங்கே திருட்டுக் கொடுத்தவனாக நிற்கிறான்.

அங்கிருந்து படம் முழுக்க வேட்டையாடுபவள் அவள்தான். அடுத்த நாள் காரை அவளே ஓட்டுகிறாள். பின்னால் போலீஸ் கார், பக்கத்தில் கிடுகிடு பள்ளம், வளைவுக்கு வளைவு வேகம் கூடுகிறது. அவள் முகத்தில் பதற்றமே இல்லை. கேமரா கிரான்ட்டின் கைகளைக் காட்டுகிறது. அவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு தவிக்கின்றன. கூரை விளிம்பில் நடந்து பழகியவன் காரில் பயந்து உட்கார்ந்திருக்கிறான்! பிறகு மலைமேல் வண்டியை நிறுத்தி, கூடையிலிருந்து கோழியை எடுத்து நீட்டி, இரட்டை அர்த்தத்தில் எந்தத் துண்டு வேண்டும் என்று கேட்கிறாள். அவன் யார் என்பது தனக்குத் தெரியும் என்று சொல்வதும் அங்கேதான். பயப்படவில்லை, போலீஸைக் கூப்பிடவும் இல்லை. பூனைக்கு இப்போது ஒரு குட்டி கிடைத்துவிட்டது, வேலையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்கிறாள். தான் அவன் இல்லை என்று அவன் மறுக்க மறுக்க அவளுக்கு ஆர்வம் கூடுகிறது. பணத்தால் வாங்கக்கூடிய எல்லாம் கையில் இருக்கும் ஒருத்திக்கு, வாங்க முடியாத ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

இந்த இடத்தில் நகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதை வங்கிக் கொள்ளையைப் பற்றியதாக இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. பணம் பெட்டகத்தில் இருக்கும், நகை உடம்பில் இருக்கும். கழுத்திலும் காதிலும் விரலிலும் கிடக்கும் ஒன்றைத் திருட நினைப்பவன், அதை அணிந்திருப்பவருக்கு மிக அருகில் வந்தாக வேண்டும். எந்த விருந்துக்கு எதைப் போடுகிறாள், எங்கே கழற்றி வைக்கிறாள், எப்போது தூங்குகிறாள் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காதலனுக்குத் தெரிந்திருக்கும் விஷயங்கள்தான் இவை. நகைத் திருடன் கதையில் காதல் தனியாக ஒட்டவைத்ததாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

நகைகள் காப்பீடு செய்யப்பட்டிருப்பதும் முக்கியம். பறிகொடுத்தவர் தெருவுக்கு வந்துவிடப் போவதில்லை, அதனால் நமக்கும் குற்ற உணர்வு இல்லை. இதை அப்படியே விட்டுவிடாமல், லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் ஆளான ஹக்ஸன் என்ற மனிதரை ரோபியின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து உட்காரவைக்கிறது படம். தான் மிகவும் நேர்மையானவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் அவரிடம் ரோபி சாவகாசமாகக் கேட்கிறான்: ஹோட்டலிலிருந்து துண்டு, ஆஷ்ட்ரே எதையாவது எடுத்து வந்ததுண்டா? அலுவலகச் செலவுக் கணக்கில் கூடக்குறைய எழுதியதுண்டா? அப்படியானால் நீங்களும் திருடர்தானே? அதோடு, தான் திருடியதை ஏழைகளுக்குக் கொடுத்த உத்தமன் என்று நடிக்கவும் ரோபி தயாராக இல்லை. எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டதாகச் சொல்கிறான். திருட்டுக் கதைகளில் வழக்கமாக வரும் நியாயப்படுத்தல் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பதிலுக்காகவே ஜான் மைக்கேல் ஹேய்ஸின் திரைக்கதையை நான் மதிக்கிறேன்.

படத்தில் எல்லோரும் பேசும் காட்சி வாணவேடிக்கைக் காட்சி. பேசவேண்டிய காட்சிதான். ஹோட்டல் அறை, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறாள் ஃபிரான்சி. வெள்ளை உடை, கழுத்தில் வைர மாலை. ஜன்னலுக்கு வெளியே வானத்தில் பட்டாசு. ஒரு கட்டத்தில் அவள் முகம் முழுக்க இருட்டில் போய்விடுகிறது, மாலை மட்டும் மின்னுகிறது. திருடனுக்கு முன்னால் நகையை நீட்டி, இதைப் பிடித்துப் பார் என்கிறாள். அவனோ, இது போலி என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும் என்கிறான். நான் போலி இல்லை என்கிறாள் அவள். பட்டாசுகள் வெடித்துப் பரவுகின்றன. தணிக்கை விதிகளின்கீழ் காட்ட முடியாததையெல்லாம் வானத்தின்மேல் ஏற்றிவிட்ட தந்திரம் என்று இதைப் பலர் பாராட்டுவார்கள். சரிதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. போலி நகையை அவள் தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். அவள் விரும்பும் திருட்டும் அந்த மாலையைப் போலத்தான், மின்னும், ஆனால் அசல் இல்லை.

அதற்கான சோதனை அன்று இரவே வந்துவிடுகிறது. அம்மாவின் அசல் நகைகள் உண்மையிலேயே காணாமல் போகின்றன. இவ்வளவு நேரம் அவன் திருடனாக இருக்க வேண்டும் என்று கிறங்கிக் கிடந்தவள், அவன் அறைக்குள் பாய்ந்து வந்து நகைகளைக் கேட்கிறாள், போலீஸைக் கூப்பிடுகிறாள். கற்பனையில் இனித்தது நிஜத்தில் கசக்கிறது. ஒரு காதல் படத்தின் நாயகி இவ்வளவு சடாரென்று மாறுவதை அந்தக் காலத்தில் வேறு யாரும் துணிந்து எழுதியிருப்பார்களா என்று சந்தேகம்தான். நகையைப் பறிகொடுத்த அம்மாவோ கொஞ்சமும் கலங்கவில்லை. அவன் எடுத்திருக்க மாட்டான் என்கிறாள். உன்னிடமிருந்து அவன் அப்படி எதைத்தான் திருடினான் என்று மகளைத் திருப்பிக் கேட்கிறாள். என் கணிப்பில் மொத்தப் படத்தின் கேள்வியும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ் அந்த அம்மா வேடத்தில் செய்திருப்பது தனிக் கச்சேரி. பொரித்த முட்டையின் மஞ்சள் கருவில் சிகரெட்டை அழுத்தி அணைக்கும் இடம் ஒன்று போதும். நான்கு வருடம் கழித்து 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்தில் இவரே கேரி கிரான்ட்டுக்கு அம்மாவாக வந்தார்.

இனி, ஊகித்துவிட்டதாகச் சொன்ன அந்தத் திருடன். அது தானியேல், ரோபியின் பழைய போர்க்காலத் தோழர் ஒருவரின் மகள். உணவக முதலாளி பெர்தானி பின்னணியில் இருந்து நடத்த, கூரையேறித் திருடியது அவள். இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். பார்வையாளனுக்கு விடையை மறைத்துவைத்துக் கடைசியில் வெளியிடும் கதைகளில் ஹிட்ச்காக்குக்கே பெரிய ஆர்வம் கிடையாது. ஆனால் தானியேலை ஃபிரான்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலில் மிதக்கும் மேடை அருகே இரண்டு பெண்களும் ரோபியை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் குத்திக்காட்டும் காட்சி, முதல் தடவை பார்க்கையில் வெறும் பொறாமைச் சண்டை. உண்மை தெரிந்தபின் அது வேறு காட்சி. ஒருத்தி திருட்டை விளையாட்டாக விரும்புகிறாள். மற்றவள் உண்மையிலேயே திருடுகிறாள், அவனுடைய தொழிலை அவனைப் போலவே செய்கிறாள். தென் அமெரிக்காவுக்குப் போய்விடலாம் வா என்று அவனைக் கூப்பிடுகிறாள். ஃபிரான்சி கேட்டது நிஜமாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் தானியேல். அவளை ரோபி கூரை விளிம்பில் கையைப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழே நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒப்புக்கொள்ள வைக்கிறான்.

படத்தின்மேல் எனக்கு உள்ள பெரிய வருத்தம் இங்கேதான். தானியேலின் கதையைப் படம் கேட்பதேயில்லை. அவள் அப்பாவுக்கு ஒரு கால் மரக்கால், நடுவில் அவரும் இறந்துபோகிறார். இறந்தவர்தான் பூனை என்று போலீஸ் அறிவிக்கும்போது, மரக்காலோடு யார் கூரை ஏறுவார் என்று ரோபி கேட்கிறான். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் தந்தையை இழந்த பெண்ணின் பக்கம் கேமரா போதிய நேரம் நிற்கவில்லை. பிரிஷித் ஓபேர் கண்களில் துடிப்போடு நடித்திருக்கும் ஒரு பாத்திரம், விடுகதையின் விடையாகச் சுருங்கிவிட்டது.

வேறு குறைகளும் இருக்கின்றன. காருக்குப் பின்னால் ஓடும் சாலை வெறும் திரையில் ஓட்டிய படம்தான் என்பது இன்று பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. கடைசியில் வரும் முகமூடி விருந்து நீளம் அதிகம், அதில் ரோபி கறுப்பினப் பணியாளின் முகமூடி போட்டு வருவது இன்றைக்கு உறுத்துகிறது. படப்பிடிப்பின்போது கிரான்ட்டுக்கு 50 வயது, கெல்லிக்கு 24. ஓய்வு பெறப்போவதாகச் சொல்லியிருந்த கிரான்ட்டை ஹிட்ச்காக்தான் திரும்ப அழைத்துவந்தார். ஒரு விதத்தில் அந்த வயது படத்துக்கு உதவுகிறது. கூரையேறுவதை விட்டவன் மறுபடி ஏற வேண்டியிருக்கிறது என்ற களைப்பு அவர் உடம்பில் தெரிகிறது.

கண்ணுக்குக் கிடைக்கும் இன்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, படம் நிலைத்ததில் பாதிக் காரணம் அதுதான். ஹிட்ச்காக் விஸ்டாவிஷன் முறையில் எடுத்த முதல் படம் இது. வழக்கமாக மேலிருந்து கீழாக ஓடும் 35 மில்லிமீட்டர் ஃபிலிமை, விஸ்டாவிஷன் கேமராவில் படுக்கைவாட்டில் ஓடவிட்டார்கள். இதனால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கிடைத்தது, படம் அவ்வளவு துல்லியமாக வந்தது. கான், நீஸ், மலைச்சரிவுக் கிராமமான சென்-ழான்னே எல்லாம் இன்றைக்கும் நேற்று எடுத்ததுபோல் இருப்பது அதனால்தான். ராபர்ட் பர்க்ஸ் இதற்காக ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கினார். இரவுக் கூரைகளைக் கவனியுங்கள், பச்சையாக இருக்கும். அக்கால வண்ணப் படங்களில் இரவு என்றாலே வரும் நீலத்தை ஹிட்ச்காக் வெறுத்தார், அதனால் பச்சை வடிகட்டி போட்டார்கள். ஒரு பூனையின் கண் வழியாகப் பார்ப்பது போன்ற இரவு அது. கெல்லியின் உடைகளை வடிவமைத்தவர் ஈடித் ஹெட். ஆரம்பத்துக் குளிர்ந்த நீலத்திலிருந்து கடைசி விருந்தின் தங்கநிறம்வரை, அந்தப் பெண் மனம் இளகும் வரிசையை உடைகளே சொல்லிவிடும்.

படத்துக்கு வெளியே நடந்ததும் அதன் மயக்கத்தில் கலந்துவிட்டது. 1955 மே மாதம் கான் திரைவிழாவுக்குப் போன கெல்லி, பக்கத்தில் இருக்கும் மொனாக்கோவின் இளவரசர் ரெய்னியரைச் சந்தித்தார். 1956 ஏப்ரலில் திருமணம், நடிப்பு அதோடு முடிந்தது. ஹிட்ச்காக்கோடு அவர் செய்த மூன்று படங்களில் இதுதான் கடைசி. 1982-ல் மொனாக்கோவுக்கு அருகே மலைப்பாதையில் நடந்த கார் விபத்தில் இறந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கார் காட்சியைப் பார்ப்பது எளிதல்ல.

கதைக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரத்தையும் நினைத்துக்கொள்ளலாம். 2013 ஜூலையில் அதே கார்ல்டன் ஹோட்டலில் நடந்த நகைக் கண்காட்சிக்குள் பட்டப்பகலில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து, சுமார் 10 கோடி யூரோ மதிப்புள்ள நகைகளை அள்ளிக்கொண்டு போனான். கூரையும் இல்லை, காதலும் இல்லை.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் திருடனைத் தேடாதீர்கள். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். குறிப்பாக, ரோபி வீட்டுக்கு ஃபிரான்சி வந்து சேரும் கடைசிக் காட்சியில், இந்த இடம் அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும் என்று அவள் சொன்னதும் கிரான்ட்டின் முகம் போகும் போக்கைப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும், திருட்டு நடக்கும் விதத்தைக் காட்டும் படம்தான் வேண்டும் என்றால், அதே 1955-ல் ஜூல்ஸ் தாஸன் பிரான்சில் எடுத்த 'ரிஃபிஃபி' இருக்கிறது. பாரிஸில் ஒரு நகைக்கடையின் மேல்மாடித் தரையைத் துளைத்து உள்ளே இறங்குகிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமும் இல்லை, இசையும் இல்லை. உதிரும் காரை கீழே விழாமல் பிடிக்க ஓட்டை வழியாக ஒரு குடையை இறக்கி விரிக்கிறார்கள், அலாரம் ஒலிக்காதபடி அதற்குள் தீயணைப்பானின் நுரையைப் பீய்ச்சி அடைக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு, 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.